குறும்படம் எடுக்கப் போறீங்களா? கேமரா வாடகை ஃபார்ம்ல யார் கையெழுத்துன்னு முதல்ல பாருங்க



இன்சூரன்ஸ்னு வந்தா டேர்ம், ஹெல்த் இந்த ரெண்டைத் தாண்டி நான் எதுவும் பேசறதில்லைன்னு உங்கள்ல பலருக்கு ஒரு குறை உண்டு. இந்த முறை யாரும் அதிகம் பேசாத ஒரு விஷயம்: சனி, ஞாயிறுல நண்பர்களோட சேர்ந்து எடுக்கற குறும்படம். வீடியோவுல வேகமா சொல்லிட்டுப் போன விஷயங்களை இங்க கொஞ்சம் நிதானமா, சட்டப் பிரிவோட எழுதறேன்.

முதல்ல என் கதை. 2019-ல் நாங்க ஒன்பது பேர் சேர்ந்து 14 நிமிஷப் படம் ஒண்ணு எடுத்தோம். டைரக்டர் என் காலேஜ் ஜூனியர். மொத்த பட்ஜெட் 48,000 ரூபாய். ஈசிஆர் பக்கம் ஒரு மீனவர் குப்பத்துக் கடற்கரையில் விடியற்காலை ஷாட். ஈர மணல்ல ட்ரைபாட், அதுமேல வாடகைக்கு எடுத்த கேமரா. நடிக்கற பையன் வசனத்தை மறந்துட்டான்னு எல்லாரும் அவனைச் சுத்தி நின்னுட்டு இருந்தோம். ஒரு அலை வழக்கத்தைவிட நாலடி கூடுதலா ஏறி வந்துச்சு. அவ்வளவுதான். கேமராவும் லென்ஸும் உப்புத் தண்ணியில.

வாடகைக் கடையில போட்ட கணக்கு 3,10,000 ரூபாய். பேசிப் பேசி 2,65,000-க்கு முடிஞ்சுது. யார் கட்டினது? நான்தான். காரணம் சிம்பிள். ஃபார்ம்ல கையெழுத்து என்னோடது. கடைக்காரர் "ஆபீஸ் ஐடி கார்டு இருக்கறவங்க யாராவது போடுங்க"ன்னு சொன்னார். எங்க டீம்ல மாசச் சம்பளம் வாங்கறவன் நான் ஒருத்தன்தான். 14 சதவீத வட்டிக்கு 36 மாசம் பர்சனல் லோன். மாசம் 9,000 சொச்சம் இஎம்ஐ, மொத்தமா 3,26,000 ரூபாய்க்குப் பக்கத்துல போயிடுச்சு. படம் யூடியூப்ல இன்னமும் இருக்கு. அந்தக் கடற்கரை சீன் மட்டும் அதுல இல்ல.

இதைப் புலம்பறதுக்காகச் சொல்லலை. ஐடி வேலை பார்த்துக்கிட்டே குறும்படம் எடுத்து, 'நாளைய இயக்குநர்' நிகழ்ச்சி வழியா வந்து, 2012-ல் 'பீட்சா' கொடுத்தவர் கார்த்திக் சுப்புராஜ். அந்தக் கனவு இன்னைக்கும் ஓஎம்ஆர்ல ஒவ்வொரு ஆபீஸ் கேண்டீன்லயும் ஓடிட்டுதான் இருக்கு. தப்பே இல்ல. ஆனா ஒரு குறும்பட டீம்ல சம்பளக்காரர் யாரோ, நஷ்டம் கடைசியில அவர் அக்கவுண்ட்டைத் தேடித்தான் வரும். இந்தக் கட்டுரை அந்த ஆளுக்காக.

அந்த ஒரு கையெழுத்து என்ன செய்யுது?

அடுத்தவங்க பொருளை நீங்க வாங்கி வச்சுக்கிட்டு, வேலை முடிஞ்சதும் திருப்பிக் கொடுக்கற ஏற்பாட்டுக்கு 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்துல தனி அத்தியாயமே இருக்கு. அதுல 151-வது பிரிவு என்ன சொல்லுதுன்னா, சாதாரணமா ஒரு விவேகமான ஆள் தன் சொந்தப் பொருளை எவ்வளவு கவனமா பார்த்துப்பாரோ, அவ்வளவு கவனம் போதும். 152-வது பிரிவு இன்னும் முக்கியம். அந்தக் கவனத்தோட இருந்தும் பொருள் போயிடுச்சுன்னா நீங்க பொறுப்பில்லை. ஆனா அதுக்குள்ளயே ஒரு வரி ஒளிஞ்சிருக்கு: தனியா வேற ஒப்பந்தம் எதுவும் இல்லைன்னா மட்டும்தான்.

வாடகைக் கடையில அவசரத்துல நீட்டற அந்தப் பேப்பர்தான் அந்த "வேற ஒப்பந்தம்". பெரும்பாலும் அதுல மூணு விஷயம் இருக்கும். எந்தக் காரணத்தால சேதம் ஆனாலும் வாடகைக்கு எடுத்தவர் பொறுப்பு. புதுப் பொருளோட இன்றைய விலையைக் கொடுக்கணும். ரிப்பேர் முடியற வரைக்கும் தினசரி வாடகையும் ஓடும். இந்த மூணாவதை நான் படிக்கவே இல்ல. என்னோட 3,10,000-ல் கணிசமான பங்கு அந்தத் தினசரி வாடகைதான்.

இன்னொண்ணு. 154-வது பிரிவுப்படி, சொன்ன உபயோகத்தைத் தாண்டி வேற விதமா பயன்படுத்தினா, கவனமா இருந்தாலும் சேதத்துக்கு நீங்கதான் பொறுப்பு. "இன்டோர் ஷூட்"னு எழுதிக் கொடுத்துட்டு கேமராவை மழையில கொண்டுபோய் நிறுத்தினீங்கன்னா, சட்டம் உங்க பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காது. அதனால எங்க, எத்தனை நாள், தண்ணி பக்கமா, வண்டியில மாட்டுவீங்களான்னு எல்லாத்தையும் ஃபார்ம்லயே எழுதிடுங்க. கடைக்காரர் முகம் சுளிச்சா சுளிக்கட்டும்.

"எங்க பொருளுக்கு இன்சூரன்ஸ் இருக்கு சார், கவலைப்படாதீங்க"ன்னு சில கடைகள்ல சொல்வாங்க. கேட்க நல்லாத்தான் இருக்கும். ஆனா அந்தப் பாலிசி அவங்க பேர்ல இருக்கு, உங்க பேர்ல இல்ல. இன்சூரன்ஸ் கம்பெனி கடைக்காரருக்குப் பணம் கொடுத்துட்டு, சேதம் பண்ணினவர்கிட்ட அதே பணத்தை வசூல் பண்ற உரிமையை எடுத்துக்கும். சப்ரோகேஷன்னு சொல்வாங்க. ஆக, கடைக்காரர் நஷ்டப்படாம தப்பிச்சுப்பார், நோட்டீஸ் உங்க வீட்டுக்கு வரும். கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: "உங்க பாலிசியில வாடகைக்கு எடுக்கறவங்க பேரைச் சேர்க்க முடியுமா? இல்ல, வாடகைக்கு எடுத்தவர் மேல வசூலுக்குப் போக மாட்டோம்னு அதுல எழுதியிருக்கா?" பாலிசி காப்பியைக் காட்டச் சொல்லுங்க. காட்டலைன்னா இல்லைன்னே வச்சுக்கோங்க.

குறும்படத்துக்குன்னு பாலிசி இருக்கா?

சினிமாவுக்கு இருக்கு. இந்தியாவுல இன்சூர் செய்யப்பட்ட முதல் படம்னு பொதுவா சொல்லப்படறது 1999-ல் வந்த சுபாஷ் கய் இயக்கிய 'தால்'. இன்னைக்குப் பெரிய படங்கள் எடுக்கற பாலிசியைப் பொதுவா ஃபிலிம் பேக்கேஜ்னு சொல்வாங்க. அது ஒரே பாலிசி இல்ல, பல பாலிசிகள் சேர்ந்த ஒரு கட்டு. ஹீரோவுக்கு உடம்பு சரியில்லாம ஷூட்டிங் நின்னா ஆகற செலவு, செட், உடைகள், கேமரா, எடுத்த ஃபுட்டேஜ், யூனிட் ஆட்களுக்கு விபத்து, வெளியாட்களுக்கு ஏற்படற சேதம்னு ஒவ்வொண்ணும் ஒரு பிரிவு.

48,000 ரூபாய் படத்துக்கு இதை வாங்க முடியுமான்னா, நடைமுறையில ரொம்பக் கஷ்டம். குறைந்தபட்ச பிரீமியம்னு ஒண்ணு வைப்பாங்க, அதோட 18 சதவீத ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர்ல ஜிஎஸ்டி நீக்கினது தனிநபர் லைஃப், ஹெல்த் பாலிசிக்குத்தான், இதுக்கு இல்ல. பட்ஜெட் பிரிவு வாரியா, கால்ஷீட் அட்டவணை, தயாரிப்பாளரோட பதிவு விவரம்னு எல்லாம் கேட்பாங்க. நண்பர்கள் வாட்ஸ்அப் குரூப்ல "தயாரிப்பாளர் யாரு"ன்னு கேட்டா யாரும் கையைத் தூக்க மாட்டாங்க, அது வேற கதை. ஒரு பிராண்டு ஸ்பான்சர் பண்றாங்க, பட்ஜெட் பல லட்சம்னா மட்டும், ஷூட்டுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே ஜெனரல் இன்சூரன்ஸ் புரோக்கர் ஒருத்தரைப் பாருங்க.

இங்க ஒரு எச்சரிக்கை. 1938-ம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டம் 64விபி பிரிவுப்படி பிரீமியம் கைக்கு வராம கம்பெனி ரிஸ்க் எடுக்க முடியாது. "ப்ரோ, டன்"னு ஏஜென்ட் வெள்ளிக்கிழமை ராத்திரி மெசேஜ் போட்டார், திங்கட்கிழமை பணம் கட்டலாம்னு நினைச்சீங்கன்னா, சனி ஞாயிறுக்கு உங்களுக்குக் கவரே இல்ல.

ஆக, நம்ம அளவுக்கு ரெடிமேட் சட்டை கிடையாது, துணி வாங்கித் தைச்சுக்கணும். எதைத் தைக்கணும்னு முடிவு பண்ண என் அளவுகோல் இது: என் கையிருப்புல இருந்து கொடுத்துட்டு நிம்மதியா தூங்க முடியற நஷ்டத்துக்கு இன்சூரன்ஸ் வேண்டாம். லொகேஷன் வீட்டுல சோபா கிழிஞ்சுதா, ஒரு லைட் பல்பு போச்சா, பட்ஜெட்லயே பத்து சதவீதம் தனியா எடுத்து வச்சுடுங்க. ஹார்டு டிஸ்க் போனா? ரெண்டு காப்பி எடுத்து ரெண்டு பேர் வீட்டுல வைங்க, அதுக்கு பாலிசி தேவையில்ல. உங்க ரெண்டு மூணு வருஷச் சேமிப்பைத் துடைச்சிட்டுப் போகக்கூடியது எதுவோ, அங்கதான் இன்சூரன்ஸ் வரணும். அது கேமராவும் மனுஷங்களும்தான். மனுஷங்க கணக்கு கேமராவைவிடப் பல மடங்கு பெருசு.

கேமரா

சொந்தக் கேமரா வச்சிருக்கீங்கன்னா, "வீட்டு இன்சூரன்ஸ்ல வந்துடுமே"ன்னு தோணும். 2021 ஏப்ரல்ல இருந்து எல்லா ஜெனரல் கம்பெனிகளும் விக்கற பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி தீ, வெள்ளம், புயல் மாதிரி ஆபத்துக்களுக்கு, வீட்டுக்குள்ள இருக்கற பொருளுக்கு. திருட்டுகூட அந்த மாதிரி ஒரு சம்பவம் நடந்து ஏழு நாளுக்குள்ள நடந்தாத்தான் கவர். பெசன்ட் நகர் பீச்ல கீழ விழுந்த கேமராவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.

கேட்க வேண்டியது 'ஆல் ரிஸ்க்' பாலிசி, இல்லன்னா எலக்ட்ரானிக் எக்யூப்மென்ட் பாலிசியில வெளியில எடுத்துட்டுப் போற பொருளுக்கான கவர். பேரு 'ஆல் ரிஸ்க்', ஆனா எல்லா ரிஸ்க்கும் கிடையாது. வண்டியில யாரும் இல்லாம விட்டுட்டுப் போய் திருடு போனது, எப்படிக் காணாம போச்சுன்னே சொல்ல முடியாதது, நம்பிக் கொடுத்த ஆளே தூக்கிட்டு ஓடினது, இதெல்லாம் வழக்கமா விலக்கி வச்சிருப்பாங்க. ஷூட்டிங் பேக்கப் ஆகி, டீ கடை வாசல்ல காரை நிறுத்தி, பின் சீட்ல லென்ஸ் பேக்கை வச்சுட்டு எல்லாரும் இறங்கறோம்ல? அந்தப் பதினஞ்சு நிமிஷம்தான் அது.

தொகையைக் குறைச்சுப் போட்டு பிரீமியத்தை மிச்சம் பிடிக்கிற வேலையும் வேண்டாம். கிட்டோட மதிப்பு 6 லட்சம், நீங்க 3 லட்சத்துக்குத்தான் எடுத்தீங்கன்னு வைங்க. ஒரு லட்சம் ரூபாய் லென்ஸ் உடைஞ்சா, பாதிதான் இன்சூர் பண்ணியிருக்கீங்கன்னு 50,000-தான் கொடுப்பாங்க. அதுலயும் தேய்மானம் கழிப்பாங்களான்னு பாருங்க. வாடகைக் கடை புது விலை கேட்கும், இன்சூரன்ஸ் கம்பெனி பழைய விலை கொடுக்கும். நடுவுல இருக்கற இடைவெளி உங்க பாக்கெட்.

ரெண்டு நாள் வாடகைக் கேமராவுக்குத் தனிநபர் பேர்ல இந்தப் பாலிசி வாங்கறது அலைச்சல் பிடிச்ச வேலை. அதனால இன்னைக்கு நான் செய்யறது வேற. வாடகைக்கு எடுக்கும்போது கடையோட அசிஸ்டென்டையும் சேர்த்துக் கூப்பிடறேன். பேட்டா, சாப்பாடு, போக்குவரத்து கூடுதல் செலவுதான். ஆனா கேமராவை மாட்டறது, கழட்டறது, பெட்டியில வைக்கறது எல்லாம் அவர் கையில. ஃபார்ம்லயும் "கேமரா கடையின் அசிஸ்டென்ட் பொறுப்பில் இருக்கும்"னு ஒரு வரி எழுதி வாங்கறேன். இது இன்சூரன்ஸ் இல்ல. ஆனா அந்த 151-வது பிரிவுல சொன்ன கவனத்துக்கு இதைவிடப் பெரிய சாட்சி கிடைக்காது.

மனுஷங்க

2020 பிப்ரவரி 19 ராத்திரி, பூந்தமல்லி பக்கத்துல 'இந்தியன் 2' செட்டுல கிரேன் சரிஞ்சு மூணு பேர் இறந்தாங்க. அவ்வளவு பெரிய படம், அவ்வளவு அனுபவசாலிகள் இருந்த இடம். அதுக்கப்புறம்தான் தொழிலாளர்களுக்கு இன்சூரன்ஸ் இருக்கா இல்லையான்னு தமிழ் சினிமாவே சத்தமா பேச ஆரம்பிச்சுது. நம்ம செட்டுல கிரேன் இருக்காது. ஆனா மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவர்மேல ஏறி நிக்கற கேமராமேன் இருப்பார். மழை ஈரத்துல கிடக்கற ஒயர் இருக்கும். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் ஷூட் பண்ணிட்டு தூக்கக் கலக்கத்துல பைக் ஓட்டற அசிஸ்டென்ட் டைரக்டர் இருப்பான்.

உங்க டீம்ல யாருக்கு என்ன இருக்குன்னு ஒரு நிமிஷம் யோசிங்க. உங்களுக்கு ஆபீஸ் குரூப் மெடிக்ளெய்ம் இருக்கு. ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங்ல விழுந்து கால் உடைஞ்சாலும் ஆஸ்பத்திரிச் செலவு அதுல வரும். ஹெல்த் பாலிசியில பொதுவா இருக்கற விலக்கு, சாகச விளையாட்டுல தொழில்முறையா பங்கெடுக்கறவங்களுக்கு. மாடியில இருந்து தவறி விழறது அதுல வராது. ஆபீஸ் குரூப் பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி மட்டும் 24 மணி நேரமா, வேலை நேரம் மட்டுமான்னு எச்ஆர்கிட்ட மெயில்ல கேட்டு வாங்கி வச்சுக்கோங்க. டைரக்டர் ஃப்ரீலான்சர், ஒண்ணும் இல்ல. எடிட்டர் இப்பத்தான் வேலையை விட்டான், ஆபீஸ் கவரும் அதோட போச்சு. ஒரு நாள் கூலிக்கு வந்த லைட்மேன் அண்ணன்? அவர்கிட்ட நீங்க கேட்டிருக்கவே மாட்டீங்க. நானும் கேட்டதில்ல.

வேலையில அடிபட்டவருக்கு முதலாளி இழப்பீடு தரணும்னு நம்ம நாட்டுல 1923-ல் இருந்தே சட்டம் இருக்கு. இப்போ அது 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள்ள வந்துடுச்சு. கணக்கு போடற முறை இப்படி: வேலையில இறந்துட்டா, மாசச் சம்பளத்துல பாதியை, வயசுக்கேத்த ஒரு எண்ணால பெருக்கணும். 30 வயசுக்கு அந்த எண் 207.98. சம்பளம் எவ்வளவு இருந்தாலும் கணக்குக்கு எடுத்துக்கற வரம்பு மாசம் 15,000-னு 2020 ஜனவரியில அறிவிச்சாங்க. 7,500-ஐ 207.98-ஆல பெருக்கினா 15,59,850 ரூபாய்.

"நான் முதலாளியே இல்லையே, ஹாபிக்குத்தானே எடுக்கறேன்"னு நீங்க சொல்லலாம். உங்க வக்கீலும் அதைத்தான் சொல்வார். அவங்க வக்கீல், கூலி பேசி வேலை வாங்கினது யார், ஜிபே பண்ணினது யார்னு கேட்பார். யார் ஜெயிப்பாங்கன்றது அந்தந்த வழக்கைப் பொறுத்தது. பணம் போன அக்கவுண்ட் உங்களோடதா இருந்தா அந்த வழக்குல உங்க பேரும் இருக்கும். "என் சொந்தப் பொறுப்பில் வருகிறேன்"னு எழுதி வாங்கற பேப்பரை நம்பி இருக்காதீங்க. அந்தப் பேப்பர் ஆஸ்பத்திரி பில்லைக் கட்டாது, அந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு ஸ்கூல் ஃபீஸும் கட்டாது.

செய்யக்கூடியது என்ன? முதல் படி ரொம்ப மலிவு. பிரதம மந்திரி சுரக்ஷா பீமா யோஜனா. வருஷம் 20 ரூபாய். 18-ல் இருந்து 70 வயசு வரைக்கும், பேங்க் அல்லது போஸ்ட் ஆபீஸ் கணக்கு இருந்தா போதும். விபத்துல மரணம் அல்லது முழு நிரந்தர ஊனத்துக்கு 2 லட்சம், பகுதி நிரந்தர ஊனத்துக்கு 1 லட்சம். ஜூன் 1-ல் இருந்து மே 31 வரைக்கும் ஒரு வருஷம், பணம் கணக்குல இருந்து தானா பிடிச்சுப்பாங்க. பன்னிரண்டு பேர் யூனிட்டுக்கு மொத்தம் 240 ரூபாய், ஒரு ரவுண்டு டீ, பஜ்ஜி காசு. 2 லட்சம் போதாதுதான். ஆனா பூஜ்யத்தைவிட அது எவ்வளவோ மேல.

அடுத்த படி, தனிநபர் பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி. ஒன்பது நண்பர்களுக்கும் சேர்த்து குரூப் பாலிசி எடுத்துடலாமேன்னு கேட்பீங்க. இன்சூரன்ஸ் வாங்கறதுக்காகவே சேர்ந்த கூட்டத்துக்கு குரூப் பாலிசி தரக் கூடாதுன்றது ஒழுங்குமுறை ஆணையத்தோட விதி. அதனால ஒவ்வொருத்தரும் தனித்தனியா வருஷப் பாலிசி எடுக்கறதுதான் வழி. தொழிலைப் பொறுத்து பிரீமியம் மாறும். டெஸ்க்ல உட்கார்ந்து வேலை பார்க்கறவருக்குக் குறைவு, லைட் தூக்கி ஏணி ஏறறவருக்கு அதிகம். விண்ணப்பத்துல உண்மையைப் போடுங்க, இல்லன்னா க்ளெய்ம் அன்னைக்கு அதுவே பிடிப்பாங்க. டீம்ல ஃப்ரீலான்சர்கள், தற்காலிகமா வேலைக்குப் போக முடியாத வாரங்களுக்குப் பணம் வர்ற பிரிவையும் சேர்த்துக்கணும். கேமராமேனுக்குக் கை உடைஞ்சா ஆஸ்பத்திரிச் செலவைவிட அடுத்த ரெண்டு மாசம் வருமானம் இல்லாததுதான் பெரிய அடி. குடிச்சுட்டு நடந்த விபத்துக்கு எந்தப் பாலிசியும் கொடுக்காது. பேக்கப் பார்ட்டியை ஷூட்டிங் லொகேஷன்ல வைக்காதீங்க.

பைக், கார், ட்ரோன்

எல்லாக் குறும்படத்துலயும் ஒரு பைக் ஷாட் இருக்கும். கேமராமேன் பின் சீட்டுல திரும்பி உட்கார்ந்து எடுப்பார். உங்க பைக்குக்கு வெறும் தேர்டு பார்ட்டி பாலிசி மட்டும் இருந்தா, பின்னாடி உட்கார்ந்தவருக்கு அதுல கவர் இல்லைன்னு 2006-ல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. பாலிசியோட வர்ற 15 லட்சம் ரூபாய் பர்சனல் ஆக்சிடென்ட் கவர் வண்டி ஓனரே ஓட்டும்போதுதான். சீனுக்காக ஹீரோ உங்க பைக்கை ஓட்டினா, அது ஹீரோவுக்கு இல்ல.

கார் பாலிசியை எடுத்து 'உபயோக வரம்பு'ன்ற பகுதியைப் படிங்க. வாடகைக்கு விடறது, சொந்த லக்கேஜ் தவிர வேற சரக்கு ஏத்தறது, பந்தயம், வேகச் சோதனை எல்லாம் கவர்ல கிடையாது. லைட்டு, ஸ்டாண்டு, ஜெனரேட்டரை உங்க கார்ல அடைச்சுட்டுப் போற பழக்கம் இருந்தா, ஒரு டாடா ஏஸ் கூப்பிடறது நல்லது.

ட்ரோன் ஷாட் ஆசையா? 2021 ட்ரோன் விதிகள்படி 250 கிராமுக்கு மேல இருக்கற ட்ரோனுக்குத் தேர்டு பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். வாடகைக்கு வர்ற ட்ரோன்காரர்கிட்ட பாலிசி காப்பி கேளுங்க. எந்த இடத்துல பறக்க விடலாம்ன்றது தனி விஷயம், அதையும் மேப்ல பார்த்துடுங்க.

காலேஜ் ப்ராஜெக்ட்னா?

விஸ்காம் படிக்கற தம்பி, தங்கச்சி வீட்டுல இருந்தா இதைக் காட்டுங்க. நிறைய காலேஜ்ல ஃபீஸோட சேர்த்து ஸ்டூடன்ட் குரூப் விபத்துப் பாலிசி எடுப்பாங்க. அது கேம்பஸுக்கு வெளியிலயும் செல்லுமா, லீவு நாள்லயும் செல்லுமான்னு ஆபீஸ்ல கேட்கணும். ஷூட் பாடத்திட்டத்துல ஒரு பகுதின்னு டிபார்ட்மென்ட் லெட்டர்ஹெட்ல, தேதி, இடத்தோட ஒரு கடிதம் வாங்கினா பின்னாடி ரொம்ப உதவும். வெளியில இருந்து வர்ற நடிகரும் லைட்மேனும் அந்த ஸ்டூடன்ட் பாலிசியில வர மாட்டாங்கன்றதையும் மறக்கக் கூடாது.

வெளிநாட்டுக்கு ஃபிலிம் ஸ்கூல் போறவங்களுக்கு இது வேற உலகம். நியூயார்க்ல தெருவுல ஷூட்டிங் பெர்மிட் வாங்க 10 லட்சம் டாலர் பொறுப்புக் காப்பீட்டுச் சான்றிதழ் கேட்பாங்க. அங்க மாணவர்கள் அதைப் பெரும்பாலும் தங்களோட ஸ்கூல் இன்சூரன்ஸ் வழியா காட்டறாங்க. அட்மிஷன் போடும்போதே ஸ்கூல் கவர் எதுவரைக்கும்னு கேட்டுடுங்க.

சம்பவம் நடந்துட்டா

முதல்ல ஆள், அப்புறம் பொருள். ஆஸ்பத்திரியில "எப்படி அடிபட்டுச்சு"ன்னு கேட்டா நடந்ததை நடந்தபடி சொல்லுங்க. வீட்டுல வழுக்கி விழுந்தார்னு பயத்துல சொல்ற ஒரு பொய், கேஸ் ஷீட்ல ஏறி, விபத்து க்ளெய்மையே கவிழ்த்துடும்.

உடைஞ்ச கேமராவைத் தெரிஞ்ச கடையில பிரிச்சுப் பார்க்கக் கொடுக்காதீங்க. சர்வேயர் பார்க்கற வரைக்கும் அப்படியே வைங்க. கம்பெனிக்கு அன்னைக்கே மெயில் போடுங்க, போன் மட்டும் போதாது. திருட்டுன்னா ஸ்டேஷன்ல முதல்ல சிஎஸ்ஆர் ரசீது கொடுத்து அனுப்புவாங்க. அதோட திரும்பி வந்துடாதீங்க, க்ளெய்முக்கு எஃப்ஐஆர் கேட்பாங்க. க்ளெய்ம் மறுத்துட்டாங்க, எழுதிக் கொடுத்த புகாருக்கும் ஒரு மாசத்துல சரியான பதில் வரலைன்னா, இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன்கிட்ட போகலாம். 50 லட்சம் ரூபாய் வரைக்கும் பார்ப்பாங்க, கட்டணம் கிடையாது, வக்கீல் தேவையில்ல. சென்னையிலயே ஆபீஸ் இருக்கு.

கடைசியா ஒரு விஷயம். 2023-ல் அதே ஜூனியர் டைரக்டரோட மறுபடி ஒரு படம் எடுத்தோம். இந்தத் தடவை ஷூட்டுக்கு பத்து நாள் முன்னாடியே எல்லார்கிட்டயும் அந்த 20 ரூபாய் பாலிசி பத்திக் கேட்டேன். ஏழு பேர் புதுசா சேர்ந்தாங்க. லைட்மேன் அண்ணன் மட்டும், "எனக்கு வருஷா வருஷம் பேங்க்ல பிடிக்கறாங்க தம்பி, எதுக்குன்னுதான் தெரியலை"ன்னு சொன்னார். பாஸ்புக்கை வாங்கிப் பார்த்தோம், அதே பாலிசிதான். நாமினி இடத்துல அவரோட அம்மா பேர் இருந்துச்சு. அம்மா இறந்து நாலு வருஷம் ஆச்சாம். அடுத்த நாள் காலையில அவரும் அவர் மனைவியும் பேங்க் போய் பேரை மாத்திட்டு வந்து, எனக்கு ரசீதைப் போட்டோ எடுத்து அனுப்பினாங்க.

உங்க டீம்ல யார்கிட்டயாவது கேட்டீங்கன்னா, நாமினி யாருன்னும் சேர்த்தே கேளுங்க.